வெஸ்ட்ரேயிலிருந்து ஒரு நிமிடம்

வெஸ்ட்ரே தீவில் விமானம் ஏறி, பக்கத்துத் தீவான பாப்பா வெஸ்ட்ரேயில் இறங்க இரண்டு நிமிடம் என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள். அதுவே அதிகம். மேல்காற்று முதுகைத் தள்ளினால் ஒரே நிமிடம். பெல்ட்டைப் பூட்டிய கையோடு கழற்ற வேண்டியதுதான்.

அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் எர்லெண்ட் ரெண்டல் ஏறினான். பாப்பா வெஸ்ட்ரேயில் ஆடு வளர்க்கிறவன், வாய் திறந்தால் பேச்சு வராது. காலையிலேயே படகில் அலை வாங்கிக்கொண்டு வெஸ்ட்ரேக்கு வந்ததே இந்த விமானத்தில் திரும்பிப் போகத்தான். விமானி தோரா டிரெவரின் பக்கத்து இருக்கையும் கிடைத்துவிட்டது. தெற்கே ஒரு பெரிய கம்பெனி அவளை ஜெட் ஓட்டக் கூப்பிட்டிருந்தது. இன்று மாலைக்குள் அவள் பதில் சொல்லியாக வேண்டும். 'போகாதே, என்னைக் கட்டிக்கொள்.' இவ்வளவுதான் அவன் சொல்ல வேண்டியது. இதற்கு ஒரு நிமிடம் போதாதா?

விமானம் எழும்பியது.

"தோரா..."

"சத்தமா சொல்லு, காது அடைக்குது!"

"அது வந்து... நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

போதவில்லை. கீழே ஓடுதளம் வந்துவிட்டது. ஆனால் தோரா இறக்கவில்லை. சட்டென்று மேலே தூக்கினாள்.

"டேவி! ஓடுதளத்துல ஆடு நிக்குது, கண்ணு தெரியலையா?" என்று ரேடியோவில் கத்தினாள்.

கீழே தீயணைப்பு உடுப்போடு ஓடிக்கொண்டிருந்த, ஓடுதளத்துக்குப் பொறுப்பான டேவிக்கு மூச்சு வாங்கியது. "துரத்திக்கிட்டுத்தானே இருக்கேன்! முதுகுல நீல மை. யார் ஆடுன்னு உன் பக்கத்துல உக்காந்திருக்கிற மகராசனைக் கேளு!"

எர்லெண்டுக்கு உயிரே போயிற்று. காலையில் பட்டிக் கேட்டைச் சாத்தினோமா?

பின் இருக்கையிலிருந்து ஜெசிமா அம்மாள் எட்டிப் பார்த்தாள். "பட்டியைத் திறந்து போட்டுட்டு வர்ற அளவுக்கு அப்படி என்னப்பா தலைபோற அவசரம்?"

விமானம் கடல் பக்கம் வளைந்தது. பக்கவாட்டுக் காற்று அடித்த அடியில் எல்லோரும் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்தார்கள். தோரா மட்டும் அசரவில்லை. இறக்கை சாய்வதற்கு முன்பே அவள் கை அதை அறிந்து நிமிர்த்தியது. எர்லெண்ட் அந்தக் கையையே பார்த்தான். அம்மாடி, என்ன கை! இந்தக் கையையா போகாதே என்று பிடித்து வைக்க வந்தோம்? அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தோரா! நீ போ!" என்று கத்தினான். "அந்த ஜெட்டை ஓட்டு! உன்னை மாதிரி ஓட்ட ஆளே கிடையாது! ஆனா என்னைக் கட்டிக்கிட்டுப் போ! நீ வர்றப்ப எல்லாம் நான் இங்கேயே இருப்பேன்!"

தோரா திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"கேட்டைச் சாத்துவியா?"

"சாத்துவேன்! சத்தியமா!"

ரேடியோ கரகரத்தது. "தோரா, ஆடெல்லாம் உள்ளே போயாச்சு. ஓடுதளம் காலி. இறங்கு."

கீழே பச்சைப் புல்லுக்கு நடுவே ஓடுதளம் வெறிச்சென்று கிடந்தது. தோரா அதைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவனையும் பார்த்தாள்.

"இன்னொரு சுத்து சுத்திட்டு வரேன், டேவி" என்றாள். பிறகு காற்றுக்கு எதிராக விமானத்தின் மூக்கைத் திருப்பினாள். "இப்ப மெதுவாத்தான் போகும். மறுபடி சொல்லு, எர்லெண்ட். முதல்லேருந்து."