மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டம்

கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தெரியும்படி தாளை மடித்து நீட்டினாள் ரமணி. நாகையா பேனாவை எடுக்கவில்லை.

"என்னமா இது?"

"காலேஜ் பாரம்பா. அடுத்த வருசம் என்னென்ன பாடம் எடுக்கறேன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்."

"அத ஏன் மடிச்சிருக்க?"

"சும்மாதான்" என்று தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

கிள்ளான் துறைமுகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக டேலி கிளார்க் அவர். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கன்டெய்னரின் எண்ணையும், கதவைப் பூட்டிய சீல் முத்திரையையும் நேரில் பார்த்து எழுதுவதுதான் வேலை. சீலில் யாராவது கை வைத்திருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. பெற்ற மகளிடமும் அந்தக் கண் வேலை செய்வது அவருக்கே கசந்தது. ஆனாலும் அது ஓயவில்லை. ஒரு மாதமாக அவள் அந்தத் தாளோடுதான் உட்கார்ந்திருந்தாள். எழுதுவாள், அடிப்பாள். அவர் பக்கத்தில் வந்தால் மேலே புத்தகத்தை வைத்துவிடுவாள். வெளிநாட்டுக்குப் போகப் பார்க்கிறாளா? யாரோ ஒரு பையன் எடுக்கும் பாடங்களையே இவளும் எடுக்கிறாளா? மனைவி இராஜம்மாவைக் கேட்டால், "கம்ப்யூட்டர் படிப்பப் பத்தி எனக்கு என்ன தெரியும், நீங்களே கேளுங்க" என்றாள்.

வியாழக்கிழமை அவருக்கு ஓய்வு. ரமணி வகுப்புக்குப் போய் ஒரு மணி நேரம் கழித்து அவரும் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில் ஏறினார். கோலாலம்பூர் நிலையத்தில் இறங்கி பிரிக்பீல்ட்ஸ் பகுதி வரை நடந்தார். கல்லூரி, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு மாடிகளில் இருந்தது. பாட ஆலோசகர் கோமதி, அவர் யாரென்று தெரிந்ததும் ரமணியின் ஃபைலை எடுத்துவந்தாள்.

கணினிப் பட்டத்தில் முதல் இரண்டு ஆண்டும் எல்லோருக்கும் ஒரே பாடம். மூன்றாம் ஆண்டில் ஏதாவது ஒரு தொழிலைச் சார்ந்து படிக்க வேண்டும். வங்கி, மருத்துவமனை, துறைமுகம். ரமணியின் வரைவில் துறைமுகம் என்று எழுதி, அடித்து, மருத்துவமனை என்று எழுதி, அதையும் அடித்து, மறுபடியும் துறைமுகம்.

"அப்பாகிட்ட பேசிட்டு முடிவு பண்றேன்னாங்க. பேசலையா அங்கிள்?"

கடைசி வரியில் அவள் செய்யப்போகும் புராஜெக்ட் இருந்தது. இரண்டு முறை வாசித்தார். டேலி கிளார்க் இல்லாமலே கன்டெய்னர்களைப் பதிவு செய்யும் முறை.

தீபாவளி விடுமுறை நினைவுக்கு வந்தது. எண்ணை எங்கிருந்து படிப்பீங்க, சீலை எப்படிச் சோதிப்பீங்க என்று மூன்று நாள் துருவித் துருவிக் கேட்டாள் ரமணி. இத்தனை வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பூரித்துப்போய், ஒன்று விடாமல் சொன்னார்.

சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டார்.

"எங்கிட்டயே கேட்டு, என் வேலைக்கே உலை வைக்க எழுதினியா?"

ரமணிக்குப் புரிந்துவிட்டது. வாசலிலேயே நின்றாள். "வேற யார்கிட்ட கேப்பேன்பா? உங்களவிட யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஏன் மறைச்ச?"

"சைன் போட மாட்டீங்கன்னு." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "நான் செய்யலன்னாலும் வரத்தான்பா போகுது. சிங்கப்பூர்ல வந்துருச்சு லா. மருத்துவமனைனு மாத்திப் பாத்தேன். எனக்கு அதுல ஒண்ணும் தெரியல. இதுதான் தெரியுது."

அவர் கையை நீட்டினார். தாளைப் பிரித்து முழுவதும் வாசித்து, கையெழுத்திட்டார். இராஜம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. மகள் சொன்னதில் எது நிஜம், எது அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"சேறு அடிச்ச நம்பர உன் கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கும்?"

"தெரியலப்பா."

சனிக்கிழமை, சூப்பர்வைசர் கன்னையாவிடம் அனுமதிச் சீட்டு வாங்கி அவளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வரிசையின் கடைசியில் நின்ற பச்சைக் கன்டெய்னரின் கதவு முழுக்கச் செம்மண். ரமணி சுற்றிலும் துணி தேடினாள். பிறகு வெறும் உள்ளங்கையால் துடைத்தாள். சேறு முழங்கை வரை வழிந்தது. ஒரு நான்கு தெரிந்தது. அடுத்தது மூன்றா, எட்டா? அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். நாகையாவுக்கு அது என்னவென்று தெரியும். எண்களைக் குறிக்கும் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, சொல்லாமல் நின்றார்.