நல்லுசாமியின் மஞ்சள் பல்பு

கார் விளக்குக்குப் பல்பு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பல்பை மாட்டி முடித்ததும் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏய்யா, நீ உக்காந்து ஓட்டப்போறது விளக்குக்கு முன்னாடியா, பின்னாடியா? உள்ள ஏறி உக்காந்து ரோடு தெரியுதான்னு பாருய்யா" என்று சத்தம் போடுவேன். திண்டுக்கல் மதுரை ரோட்டில் என் எலக்ட்ரிக் கடைக்கு வந்தவர்களில் இந்தத் திட்டை வாங்காமல் போனவர்கள் குறைவு.

நீலக் கண்ணாடி பல்பு போட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள் என்று ஒருவன் வருவான். அந்த நீலம் பாதி வெளிச்சத்தைத் தானே குடித்துவிடும் என்று படித்துப் படித்துச் சொல்வேன். கேட்க மாட்டான். அடுத்த மாசம் பள்ளத்தில் விட்டு அச்சை முறித்துக்கொண்டு தலையைச் சொறிந்தபடி வருவான். ஞானதாஸுக்கு வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம் என்று ஊரில் எனக்குப் பேர். இரண்டும் உண்மைதான்.

நல்லுசாமியும் அப்படித்தான் வந்தான். வடமதுரைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டியே அவன் வீடு. பழைய மாரிஸ் கார் ஒன்றை வைத்துக்கொண்டு திண்டுக்கல் ஸ்டாண்டில் வாடகைக்கு ஓட்டினான். பகலெல்லாம் இங்கே ஓட்டிவிட்டு, இருட்டத் தொடங்கும்போது வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். சிரித்த முகம். நான் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்வான்.

"மஞ்ச பல்பு இருக்காண்ணே?" என்றான் ஒருநாள்.

"இருக்கு. எதுக்கு உனக்கு? வெள்ளையை விட வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான். மழையிலயும் புழுதியிலயும் கண்ணு கூசாது, அம்புட்டுத்தான்."

"சரி, மாட்டுங்க."

மாட்டினேன். விளக்கைப் போட்டதும் அவனும் ஓடிப்போய் முன்னால் நின்றான். அப்புறம் இன்னும் பின்னால் பின்னால் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான். நான் என் வழக்கமான பாட்டைத் தொடங்கினேன்.

"எனக்கில்லண்ணே," என்றான் வெட்கப்பட்டுக்கொண்டு. "வீட்டுல பாக்குறதுக்கு."

அப்போது அவன் ஊருக்குக் கரண்டு வரவில்லை. பொழுது சாய்ந்தால் அந்த ரோட்டில் திருச்சிக்குப் போகிற லாரி விளக்குகள்தான். எல்லாம் ஒரே வெள்ளை. அவன் பெண்டாட்டி கண்ணம்மாள் வாசலில் நின்று பார்த்து, இவன்தான் வருகிறான் என்று அடுப்பில் சட்டியை வைப்பாளாம். லாரி நிற்காமல் போய்விடும். இவன் வந்து சேரும்போது எல்லாம் ஆறிக் கிடக்கும்.

"மஞ்சளா ரெண்டு வந்தா நாந்தான்னு தெரிஞ்சுபோகும்ல. அப்பப் பாத்து வெஞ்சனத்தத் தாளிச்சாப் போதும்."

"உன் வெஞ்சனத்துக்கு ஒரு பல்பா?" என்று கேலி செய்தேன். பெண்டாட்டிக்காக விளக்கை மாற்றுகிறவனை அன்றுதான் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு அவன் கடைக்கு வரும்போதெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்வான். அவன் மகள் மூக்காயி நடக்கக் கற்றதும் மஞ்சள் விளக்கைக் கண்டுகொள்ளப் பழகிவிட்டாள். தூரத்தில் தெரிந்ததுமே, "அப்பா வருது" என்று ரோட்டோரத்துப் புளியமரத்துக்கு ஓடிவருவாள். அவன் அங்கேயே வண்டியை நிறுத்தி, அவளை மடியில் தூக்கி வைத்து, புளியமரத்திலிருந்து வாசல் வரைக்கும் அவள் கையையும் ஸ்டியரிங்கில் பிடித்து ஓட்டிப் போவான். "எம் மகதான் தினமும் வண்டிய வீட்டுல கொண்டாந்து விடுறா" என்பான்.

ஒரு ஐப்பசி மழையில் நல்லுசாமிக்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். பிழைக்கவில்லை. நல்லவர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு போகிற அந்தச் சாவின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கண்ணம்மாள் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? விற்றுவிட்டார்கள். பேகம்பூர் அப்துல் லத்தீப் வாங்கினார்.

லத்தீப் பாய் தோல் பதனிடுகிற ஷாப்பில் வெகுகாலம் வேலை பார்த்தவர். அங்கே சுண்ணாம்புத் தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்றதில் அவருக்குக் கண் கெட்டுப்போயிருந்தது. வெள்ளை வெளிச்சம் பளீரென்று பட்டால் பொலபொலவென்று நீர் வடியும். அந்த வேலையை விட்டுத்தான் கார் ஓட்ட வந்தார். தினமும் சாயங்காலம் ஒரு எண்ணெய் வியாபாரியை வடமதுரையில் கொண்டுபோய் விடுகிற சவாரி அவருக்கு நிரந்தரமாகக் கிடைத்தது. அது ஒன்றுதான் அவருக்கு நம்பிக்கையான வருமானம்.

ஒருநாள் அவரையும் காரையும் இழுத்துக்கொண்டு அவர் மச்சினன் அப்பாஸ் கடைக்கு வந்தான்.

"இதுல நல்ல வெள்ளையாப் போட்டு விடுங்கண்ணே. இப்பிடி மஞ்சளா இருக்குன்னு கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்புட மாட்டேங்குறாங்க. நம்ம தெருக்காரங்களே சிரிக்கிறாங்க."

லத்தீப் பாய் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. உள்ளே உட்கார்ந்தபடியே, "சிரிக்கிறவன் சிரிக்கட்டும் அப்பாஸு. எனக்கு ரோடு தெரியுது. இது போதும்" என்றார்.

என் கடைக்கு வந்தவர்களில் விளக்குக்குப் பின்னால் உட்கார்ந்து முடிவு செய்த முதல் ஆள் அவர்தான். அப்பாஸுக்கு நானும் சேர்ந்து நாலு வார்த்தை புத்தி சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கொஞ்ச நாளில் கண்ணம்மாள் என் கடை வாசலில் வந்து நின்றாள். நல்லுசாமி இருக்கும்போது திருவிழாவுக்கு ஒருதரம் காரில் அவளைக் கூட்டி வந்திருந்தான். அன்று பார்த்த முகம் இல்லை இது. ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, அவுக வண்டில இருக்குற பல்ப மாத்திவிடணும்ணே."

"அது இப்ப வேற ஆளு வண்டியாச்சேம்மா. நான் எப்பிடி மாத்துறது?"

"தெரியும்ணே. ஆனா தெனமும் அதே நேரத்துக்கு அந்த லைட்டு வருது. புள்ள ரோட்டுக்கு ஓடுது. அப்பா செத்துப்போச்சுன்னு சொன்னாலும் அதுக்குப் புரியல. அந்தா வருதேங்குது. நேத்து வண்டிக்கு நேரா ஓடிருச்சு. அந்தப் பாய் மட்டும் பிரேக்கப் போடலன்னா..."

கண்ணம்மாள் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு எங்கே சும்மா இருக்க வரும்? "புள்ளையப் பிடிச்சு வைக்கிறத விட்டுட்டு என்னம்மா செஞ்சுக்கிட்டு இருந்த?" என்று கேட்டுவிட்டேன்.

"தாளிச்சுக்கிட்டு இருந்தேண்ணே," என்றாள். "லைட்டப் பாத்ததும் சட்டிய வச்சுட்டேன்."

கார் ஸ்டாண்டு என் கடைக்கு எதிரேதான். போய் லத்தீப் பாயைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அவளைப் பார்த்ததுமே அவருக்கு முகம் மாறிவிட்டது.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம் தங்கச்சி," என்றார். "நேத்து நாந்தான அந்தப் புள்ளையத் தூக்குனேன். இருட்டுல எம் மொகம் தெரியல அதுக்கு. மடில வச்சு ஓட்டுப்பான்னுச்சு. தீப்பெட்டியக் கிழிச்சு எம் மொகத்தக் காட்டுனேன். அப்பறம் அழுதுச்சு பாரு..."

என் பக்கம் திரும்பி, "வெள்ளையே மாட்டிருங்க தாஸ்" என்றார்.

"பாய், உங்க கண்ணுக்கு அது ஆகாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ராத்திரி பூரா யோசிச்சிட்டேன். மாட்டுங்க."

தெருவே சிரித்தபோது மாற்றாத பல்பை அவர் அன்றைக்கு மாற்றினார். நான் கழற்றிய மஞ்சள் பல்புகளைக் கண்ணம்மாள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

வெள்ளை பல்பு போட்டால் விளக்கின் முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்க வேண்டும். அதைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி அன்று சாயங்காலம் நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். உண்மையில் எனக்கு மனசு கேட்கவில்லை. வியாபாரி பின்னால் உட்கார்ந்து தூங்கிப்போனார். நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ரோடு துல்லியமாகத் தெரிந்தது, எனக்கு.

புளியமரத்தடியில் அவர்கள் நின்றிருந்தார்கள். கண்ணம்மாள் பிள்ளையின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்கள் விளக்கு அவர்கள் மேல் விழுந்தது. மூக்காயி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு லாரி என்று நினைத்திருப்பாள். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவ்வளவு சுலபமாக அது முடிந்துவிட்டது. ஆனால் தாய்க்காரி போகவில்லை. விளக்கு வந்து, தன்னைத் தாண்டிப் போகிறவரைக்கும் வெறித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனை வருஷமாக வண்டிக்கு முன்னால் நிற்கிறவர்களைத் திட்டியிருக்கிறேன். ரோட்டோரத்தில் ஒருத்தருக்காகக் காத்துக்கிடக்கிறவர்கள் வேறு எங்கே போய் நிற்பார்கள்?

வியாபாரியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது எதிரே வந்த லாரிகளின் வெளிச்சமும் எங்கள் வெளிச்சமும் சேர்ந்துகொண்டன. பாய் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓட்டினார். வைக்கோல் ஏற்றிய, விளக்கில்லாத ஒரு மாட்டு வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. நான் கத்தினேன். பிரேக் பிடித்து, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு முள்ளுச்செடியில் மோதி நின்றோம். வைக்கோல் எங்கள் கண்ணாடியை உரசியது.

"மஞ்சளையே திரும்ப மாட்டிருவோம் பாய்," என்றேன்.

"வேணாம்," என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. "அந்தப் புள்ள இன்னைக்குத் திரும்பிப் போச்சுல. அத மறுபடி ஓடவிடக் கூடாது. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குப் போறாப்புல பாத்துக்கிறேன்."

மறுநாளே அந்தச் சாயங்காலச் சவாரியை விட்டுவிட்டார். வியாபாரி வேறு காரைப் பிடித்துக்கொண்டார். பகல் சவாரி என்ன பெரிசாக வந்துவிடும்? அவர் பெண்டாட்டி குர்ஷித் பேகம் பிள்ளைகளின் வயிற்றைக் காட்டிச் சண்டை பிடித்ததாக அப்பாஸ் வந்து சொன்னான். வெள்ளை பல்பு போட்டதில் அவன் ஒருவனுக்குத்தான் சந்தோஷம். கல்யாணக் கார் என்று பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் சுற்றினான். நான் திட்டவில்லை. திட்டுகிற தெம்பு எனக்கு இல்லை.

மஞ்சள் பல்புகளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தேன். செம்பட்டியிலிருந்து சங்கிலி என்பவன் வந்து கேட்டான். அவன் வேனில் கொடைக்கானலுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவன். மலையில் பனி இறங்கினால் வெள்ளை விளக்கில் ஒன்றும் தெரியாது. அவனுக்கு உபயோகப்படும் என்று கொடுத்துவிட்டேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள் மத்தியானம் கண்ணம்மாள் வந்தாள். மூக்காயி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கட்டு முருங்கைக்காயைக் கடைப் பலகையில் வைத்தாள். பாய்க்கும் ஒரு கட்டு ஸ்டாண்டில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொன்னாள்.

"புள்ள எப்பிடிம்மா இருக்கு?"

"இப்பல்லாம் ரோட்டுக்குப் போறதில்லண்ணே. வண்டிச் சத்தம் கேட்டாக்கூடத் திரும்பிப் பாக்குறதில்ல. பொழுது சாஞ்சதும் சாப்ட்டுப் படுத்துக்குது."

"நல்லதாப் போச்சு."

"ஆமாண்ணே. நல்லதுதான்."

போகாமல் நின்றாள். அவள் கண் என் அலமாரியில் எதையோ தேடியது.

"அந்தப் பல்பு இங்கனதான் கெடக்காண்ணே?"

மறுபடியும் அது ரோட்டுக்கு வந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். "அதக் குடுத்து அனுப்பிட்டேம்மா. செம்பட்டிக்காரன் வேன்ல ஓடுது. அவன் மலைக்குத்தான் போவான், மலையில இருந்துதான் வருவான். உங்க ரோட்டுப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டான். நீ பயப்படாத."

"சரிண்ணே" என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். ரோட்டைத் தாண்டப் போனவள் நின்றாள். பிள்ளையை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பி வந்தாள். மூக்காயிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, எங்க ரோட்டுக்கு அது வரவே வராதா?"

அன்றுவரை பல்பு விஷயத்தில் நான் யாருக்கும் பொய் சொன்னதில்லை. வியாபாரம் கெட்டாலும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"வரும்மா," என்றேன். "வெங்காய லோடு கெடச்சா வடமதுரைப் பக்கமும் வருவான்."

தலையை ஆட்டினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.