கல்லில் ஒரு மைனர்

கறுப்புக் கல்லில் சாக்பீஸால் வரைந்திருந்த முதல் வார்த்தையைப் பார்த்ததும் பாக்கியத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ‘மைனர் பங்கிராஸ்.’ அவள் புருஷனுக்கான கல்லறைக் கல் அது. கல்லறைத் திருநாளுக்குள் நட்டாக வேண்டும்.

“இதை யாரு எழுதச் சொன்னது?”

கல் கொத்தும் தங்கபாண்டி, பக்கத்தில் நின்ற எட்வினைக் கண்ணால் காட்டினார். எட்வின், செத்தவரின் தம்பி.

“ஊரே அண்ணனை அப்படித்தான மதினி கூப்பிட்டாக? அது பட்டம்.”

மைனர் என்பது கோர்ட்டிலிருந்து தெருவுக்கு வந்த வார்த்தை. வயது வராத பிள்ளையின் பேரில் சொத்து இருந்தால், பத்திரத்தில் அவன் மைனர். அவனுக்காகக் கையெழுத்துப் போடுபவர் கார்டியன். அப்படிச் சொத்துள்ள பையன்கள் சில்க் ஜிப்பாவும் சென்ட்டுமாகத் திரிந்ததைப் பார்த்த ஊர், பிறகு சொத்தே இல்லாமல் அப்படித் திரிந்தவனையும் மைனர் என்றது. டீக்கடையில் அந்த வார்த்தை பாதி பாராட்டு, பாதி கேலி. கூப்பிடப்படுகிறவன் காதில் பாராட்டு மட்டும் விழும்.

பங்கிராஸ் காதிலும் அதுதான் விழுந்தது. பாக்கியம் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வரும்போது, அவர் கண்ணாடி முன்னால் மீசைக்கு மை அடித்துக்கொண்டிருப்பார்.

“பட்டமா? பந்தலுக்குள்ள அண்ணாந்து அண்ணாந்து என் கழுத்து போச்சு. உங்கண்ணன் கழுத்துல செயின் மினுங்குச்சு. அதை வருசா வருசம் மெழுகுவத்தி ஏத்தி வச்சு நான் படிக்கணுமாக்கும்?”

“செத்தவுகளைப் பேசாதீக மதினி. பாக்குறவுக பெருமையாப் பாப்பாக.”

தங்கபாண்டி உளியை எடுத்தார். “உளி பட்டுட்டா அழிக்க முடியாதுக்கா. முடிவாச் சொல்லுங்க.”

பாக்கியம் சேலையை இழுத்துச் செருகினாள்.

“கொத்துங்கண்ணே. ஆனா முழுசாக் கொத்துங்க. மைனரு தனியா நிக்க மாட்டான்ல? கீழ பெரிய எழுத்துல போடுங்க, கார்டியன் பாக்கியம்னு.”

தங்கபாண்டி இருமுவதுபோல வாயை மூடிக்கொண்டார். எட்வின் முகம் வெளுத்தது.

“ஐயோ மதினி, ஊரு சிரிக்கும்!”

“இம்புட்டு வருசமா சிரிச்சுக்கிட்டுத்தான்டா இருந்தாக. உங்க ரெண்டு பேருக்கும்தான் கேக்கல.”

தங்கபாண்டி சாக்பீஸைத் தேடி எடுத்து, பெயருக்குக் கீழே ‘கா’ போட்டார். எட்வின் பாய்ந்து ஈரத்துணியை எடுத்தான். முதலில் அந்தக் ‘கா’வை, பிறகு மேலே இருந்த ‘மைனர்’ என்ற வார்த்தையையும் அவனே துடைத்தான்.

பாக்கியம் குனிந்து பார்த்தாள்.

“இன்னும் அழுத்தித் துடைலே. ‘மை’ தெரியுது.”