வெயில் ஒத்துக்காதவன்

கோடை லீவு விட்டால் அந்தப் பழைய ஊரில் நாய்கூட நிழலை விட்டு நகராது. ஊர்க்காரர்கள் மலைக்கும் கடலுக்கும் கிளம்பிப் போயிருப்பார்கள். கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கும். கோட்டைக்குக் கீழே இருக்கும் லாட்ஜ் ஒன்றுதான் திறந்திருக்கும். அதன் மேனேஜரம்மாவுக்குக் கூட்டிப் போக ஆளில்லை, போக இடமுமில்லை.

அந்த லாட்ஜுக்குத்தான், அவளை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்ட பழைய புருஷன், புதுப் பெண்டாட்டியோடு வந்து நின்றான்.

அவளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்தது. அப்புறம் புதுப் பெண்டாட்டியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ரூம் இருக்குங்களா மேடம்?" என்றான்.

மேடமாம்! பத்து வருஷம் இவள் கையால் தின்ற வாய் அது. விட்டுவிட்டுப் போனதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டிருந்தாள். இந்த மேடத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இருடா, இங்கேயே உன்னை வறுத்தெடுக்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவனுக்கு வெயில் ஆகாது. இதே ஊரில் குடித்தனம் நடத்தியபோது, ஒரு நாள் கோட்டைக்குக் கூட்டிப் போங்களேன் என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள். "வெயில் எனக்கு ஒத்துக்காதுடி, தலை வெடிச்சுடும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

லாட்ஜில் மொட்டை மாடியை ஒட்டி ஒரு ரூம் உண்டு. அடுப்பு என்றுதான் அதற்குப் பெயர். கோடையில் அதை யாருக்கும் கொடுக்கமாட்டார்கள், உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவைப்பார்கள். கீழே ரூமெல்லாம் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நாற்காலிகளைத் தானே வெளியே இழுத்துப் போட்டு அந்த ரூமைக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் ரெண்டு பேரும் மூஞ்சி வீங்கி வருவார்கள் என்று காத்திருந்தாள். புதுப் பெண்டாட்டி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"ரூம்ல இருக்கவே முடியலக்கா. பாயைத் தூக்கிட்டு மாடிக்கு வந்துட்டோம். கோட்டை மேல நிலா, அப்படி ஒரு காத்து. இவரு விடிய விடிய பேசிட்டே இருந்தாரு."

விடிய விடியப் பேசினானாம். குழம்பில் உப்பில்லை என்பதைத் தாண்டி இவளிடம் என்ன பேசியிருக்கிறான்?

சரி, அடுத்ததில் மாட்டுவான் என்று நினைத்துக்கொண்டாள். "கோட்டையை உச்சி வெயில்லதாம்மா பாக்கணும். அப்பத்தான் அழகு" என்று முகத்தைச் சுளிக்காமல் சொல்லி அனுப்பினாள். அந்த நேரத்தில் அங்கே ஏறினால் கொப்புளம்தான் மிச்சம்.

வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தார்கள். ரெண்டு பேரும் சிவந்து கருத்துப் போயிருந்தார்கள், வாயெல்லாம் பல்.

"ஒரு ஈ காக்கா இல்லக்கா! காவக்காரரு நல்ல தூக்கம். உள்ள ராணி மண்டபத்துல கல்லு ஜில்லுனு இருந்துச்சு, அங்கயே படுத்துட்டோம். ஊரையே எங்களுக்குன்னு காலி பண்ணிக் கொடுத்த மாதிரி இருந்துச்சு."

"நல்லா இருந்துச்சுங்க மேடம்" என்று அவனும் சொன்னான். அவன் கை புதுப் பெண்டாட்டியின் இடுப்பில் இருந்தது.

மேனேஜரம்மா பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வறுத்தெடுக்கிறேன் என்று கிளம்பி, தன் கையாலேயே அவர்களுக்குத் தேனிலவு நடத்திக் கொடுத்தாயிற்று. அதைவிடப் பெரிய அடி இன்னொன்று. அவனுக்கு ஒத்துக்காமல் போனது வெயில் இல்லை, இவள்தான். பத்து வருஷம் அது தெரியாமல், அவன் தலைக்குத் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறாள்.

ஊருக்குக் கிளம்பும் நாள், காலை பஸ்ஸுக்கு எழுப்பிவிடச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுப்பவில்லை.

பஸ் போன பிறகு அரக்கப் பரக்க இறங்கி வந்தார்கள். அவன் ரெண்டு கையிலும் பெட்டி. புதுப் பெண்டாட்டிக்குக் கோபமே வரவில்லை, பாவம், நல்ல பெண்.

"பரவால்லக்கா, தூங்கிட்டோம். நீங்க சொன்ன கோட்டைக்கு உங்க வீட்டுக்காரரோட நிறைய தடவை போயிருப்பீங்க, இல்ல?"

அவன் சட்டென்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். மேனேஜரம்மா அவனைப் பார்க்கவே இல்லை.

"அத விடும்மா. மொதல்ல அவரு எடது கையில இருக்கிற பெட்டியை வாங்கு. கனம் தூக்கினா அந்தத் தோள்பட்டை எறங்கிடும். ஒவ்வொரு தடவையும் நான்தான் புடிச்சு இழுத்துப் போட்டு விடுவேன்."

அந்தப் பெண் சிரித்தபடியே பெட்டிக்குக் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. புருஷனைப் பார்த்தாள்.

"இவங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். நெற்றியிலிருந்து வேர்வை தாரையாக வழிந்தது.

"உக்காந்து மெதுவா சொல்லுங்க" என்றாள் மேனேஜரம்மா, ரெண்டு நாற்காலியை எதிரெதிரே இழுத்துப் போட்டு. "அடுத்த பஸ் சாயங்காலம்தான்."