கேரண்டி இல்லாத சிறுத்தை

ஹட்டன் கடைவீதியில் ‘பெரியதம்பி அன் சன்ஸ்’ மின்சாரப் பொருள் கடை முதலாளிக்கு மகன்கள் கிடையாது. பலகை நிறைவாக இருக்கட்டுமே என்று போட்டுக்கொண்டது. வர்த்தகர் சங்கத் தலைவரும் அவர்தான். சங்கத்துக்கு இந்த வருஷம் முதல்முறையாக ஒரு பெண் செயலாளர் வாய்த்திருந்தாள்: போட்டோகொப்பி கடை ரூபிகா.

“இந்த வருஷ டிரிப்புக்குத் தெக்க காட்டுக்குப் போறோம். சிறுத்தை பாக்குறோம்,” என்று தலைவர் அறிவித்தார். ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் அளவுக்குத்தான் ஆட்கள். ஆனாலும் மைக் பிடித்துத்தான் அறிவித்தார்.

அவர் மனைவி யோகேஸ்வரியின் தம்பி தரணிதரன் உடனே எழுந்தான். “நமக்குத் தெரிஞ்ச கம்பனி ஒண்ணு இருக்கு மச்சான். சிறுத்தைக்கு கேரண்டி. காட்டலன்னா காசு வாபஸ்.”

தலைவரின் முகம் மலர்ந்தது. வாழ்நாளெல்லாம் கேரண்டி அட்டை எழுதிக் கொடுத்தவர் அல்லவா!

“காட்டு மிருகத்துக்கு யாருங்க கேரண்டி குடுக்க முடியும்? நான் விசாரிச்சிட்டு சொல்றேங்க,” என்றாள் ரூபிகா.

“விசாரி. ஆனா சிறுத்தை வரலன்னா, அடுத்த கூட்டத்துல செயலாளர் வேலையத் தம்பி பாத்துக்கட்டும்,” என்றார் தலைவர்.

ரூபிகா கிடைத்த இடத்துக்கெல்லாம் போன் போட்டாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: “கொஞ்சம் கூடக் குடுத்தா, பாதைய விட்டு எறங்கி சிறுத்தைகிட்டப் போவீங்களா?”

தரணிதரனின் கம்பனிக்காரர், “கூடக் குடுக்க வேணாம் மேடம், சும்மாவே போவோம்,” என்றார். இன்னொருவர் கோழி போட்டு வரவழைப்பதாகச் சொன்னார். கினிகத்தேனை வேன்காரர் சின்னராசா, “வேற ஆளப் பாருங்க,” என்று போனை வைத்துவிட்டார்.

ரூபிகா அவரையே திரும்ப அழைத்தாள்.

அதோடு விடவில்லை. அவருடன் முன்பு போய்வந்த யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். “ஆள் சிரிக்க மாட்டார் பிள்ளை. ஆனா சொன்ன நேரத்துக்கு வந்து நிப்பார். பிரேக்கும் நல்லம்,” என்றார் அவர். வாடகையும் மற்றவர்களைவிடக் குறைவு. கடைவீதி ஆட்கள் சம்மதிக்க அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

தன் கம்பனி இல்லையென்றதும் தரணிதரன் பயணத்துக்கு வரவில்லை. புறப்படும் காலையில் தலைவர் வேனில் ஒரு பேனர் கட்டினார். ‘சிறுத்தை தரிசனப் பயணம்’ என்ற எழுத்துக்குக் கீழே அவருடைய படம் பெரிதாகவும் சிறுத்தையின் படம் சிறிதாகவும் இருந்தன. அதுவும் சிறுத்தை அல்ல, ஆபிரிக்காச் சிவிங்கிப்புலி. சின்னராசா அதைப் பார்த்தார். காட்டு வாசலில் மட்டும் அவிழ்த்து மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தார். அங்கே எல்லோரும் வாடகை ஜீப்புக்கு மாறினார்கள்; அதையும் அவரே ஓட்டினார்.

காட்டில் மயில் வந்தது. யானை வந்தது. எருமைக் கூட்டம் வந்தது. சிறுத்தை வரவில்லை. ஓரிடத்தில் ஜீப்புகள் முண்டியடித்து ஓடின. தலைவர், “அங்க போங்க!” என்று கத்தினார். “அங்க அது பயந்து போயிருக்கும். நாங்க போகல,” என்று சின்னராசா ஜீப்பை நிறுத்திவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் தலைவர் மைக்கில் ரூபிகாவை வறுத்தெடுத்தார். “நம்ம செயலாளர் அம்மாவுக்கு ஒரு கைதட்டு! மயில் பாக்க இவ்வளவு தூரம் கூட்டிப் போனாங்க!” ரூபிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதவி போனது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நானுஓயா தாண்டியதும் மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது. சின்னராசா வேனை ஒரு தோட்டப் பாதைக்குள் திருப்பினார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பொழுது சாய்ந்து பனி இறங்கத் தொடங்கியிருந்தது.

ஒரு வளைவில் அவர் பிரேக்கை அழுத்தினார். இன்ஜினை அணைத்தார். விளக்கை அணைத்தார். “யாரும் எறங்காதீங்க,” என்றார், காற்றுக்கும் கேட்காத குரலில்.

மேலே தேயிலைக்கு நடுவே ஒரு கரும்பாறை. அந்தப் பாறையில் ஒரு பகுதி எழுந்து நின்றது.

பிறகு அது இறங்கி வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்கள் பகலெல்லாம் நடந்த அதே நிரை வழியாக வந்தது. செடிகள் விலகின, சத்தமில்லை. கீழே தொழிலாளர் லயத்தில் யாரோ தேங்காய் துருவுவது கேட்டது. அந்தச் சத்தத்துக்கும் சிறுத்தைக்கும் இடையே நாலைந்து நிரை தேயிலைதான் இருந்தது. இத்தனை வருஷமும் இது இங்கேயா நடந்துகொண்டிருந்தது என்று நினைத்தபோது ரூபிகாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

பாதை நடுவே நின்று அது வேனைப் பார்த்தது. கோபமில்லை, பயமில்லை. உள்ளே இருந்தவர்களை அது ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தலைவர் பெரியதம்பியை அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அவர் கையில் மைக் இருந்தது, வாய் திறந்திருந்தது.

பின்னாலேயே இரண்டு குட்டிகள் வந்தன. ஒன்று பாதையோரத் தண்ணீர்க் கானில் தடுக்கி விழுந்து எழுந்தது.

“புள்ளைகளக் கூட்டிட்டு வாராடி,” என்று யோகேஸ்வரி பக்கத்திலிருந்த ரூபிகாவிடம் கிசுகிசுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

மூன்றும் பனிக்குள் போய் மறைந்தன.

ரூபிகாவின் போனில் தாயும் குட்டிகளும் தெளிவாக விழுந்திருந்தன. கடைவீதி முழுக்க வாயடைத்துப்போக அந்த ஒரு படம் போதும். சின்னராசா கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

“தங்கச்சி, அத வெளிய விட்டீங்கன்னா நாளைக்கே ஊர் தெரண்டு வந்து நிக்கும். அதுக்கப்புறம் எவனாவது சுருக்குக் கம்பி வைப்பான். குட்டி சின்னது.”

அவ்வளவுதான் சொன்னார். வேனை எடுத்தார். மிச்சத் தூரத்துக்கு மைக் வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை தரணிதரன் பெரியதம்பியின் கடை வாசலிலேயே காத்திருந்தான். “என்ன செயலாளர் அம்மா, சிறுத்தை சௌக்கியமா? படம் ஒண்ணு காட்டுங்களேன்!”

ரூபிகாவின் விரல் போனைத் தடவியது. கானில் விழுந்த குட்டி நினைவுக்கு வந்தது. போனைப் பைக்குள் போட்டாள். “இல்லீங்க,” என்றாள்.

“அப்ப நான் சொன்னது சரிதானே மச்சான்?” என்று தரணிதரன் தலைவர் பக்கம் திரும்பினான்.

புது இஸ்திரிப்பெட்டி வாங்கினால்கூட ஊரைக் கூட்டிச் சொல்கிற பெரியதம்பி, மலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“ஒண்ணும் பாக்கலடா,” என்றார். “மயிலுதான்.”

“அப்போ அடுத்த டிரிப்பு நம்ம கம்பனி...”

“சின்னராசா வேன்தான். ரூபிகாதான் செயலாளர்.”

“ஒண்ணுமே காட்டாத ஆளா? என்னாச்சு உங்க எல்லாருக்கும்? ஏன் இப்படிப் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“தூக்கக் கலக்கம்டா,” என்றாள் யோகேஸ்வரி. “நீ போய் டீயக் குடி.”