வெளிப்பக்கக் கொண்டி

மழைக்காலம் வந்துவிட்டால் சிந்துஜாவின் அறைக் கதவு சட்டத்தோடு ஒத்துப்போகாது. உட்பக்கக் கொண்டி உடைந்து வருஷக்கணக்காகிறது. சாத்திவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தால், பின்னாலேயே மெல்லத் திறந்துகொண்டு நிற்கும். அதனால் வீடியோ எடுக்கும் நாட்களில் அவளுடைய அம்மா கலாராணி வெளியிலிருந்து கொண்டியைப் போட்டுவிடுவாள். முடிந்ததும் உள்ளிருந்து தட்டினால் வந்து திறப்பாள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு ஏறும் பஸ்களின் ஹோர்ன் சத்தம் வராமலிருக்க ஜன்னலை மூடி, போர்வைகளைத் தொங்கவிட்டு, காற்றாடியையும் நிறுத்திவிட்டால் ஸ்டூடியோ தயார். வியர்த்துக் கொட்டும். ஆனால் குரல் சுத்தமாகப் பதியும்.

வாரநாட்களில் அவள் கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் புதுப் படங்களைக் கிழித்துத் தொங்கவிட்டாள். கையில் போன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இப்போது விமர்சகர்கள்தான் என்றாலும், சிந்துஜாவின் வாய்க்கு ஒரு தனி மவுசு இருந்தது. அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்காமல் டிக்கெட் எடுப்பதில்லை என்று போன் கடை அரூஸ் நானா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வாரம் ஒரு ஜெயில் படம். கதாநாயகனை இடைவேளைக்கு முன்னால் இருட்டுச் செல்லில் தனியாக அடைக்கிறார்கள். அவனோ திமிறும் தோள்களோடும் ஒதுக்கிவிட்ட தாடியோடும் வெளியே வருகிறான். உள்ளே சலூன் இருந்ததா என்று எந்த விமர்சகரும் கேட்டுவிடுவார். யாரிடமும் இல்லாத ஒன்று சிந்துஜாவிடம் இருந்தது. அது அவளுடைய தாய்மாமா.

திருச்செல்வத்தை இளவயதில் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்த வழக்கும் நிற்காமல் வெளியே விட்டபோது தலை நரைத்திருந்தது. ஜெயிலிலிருந்த அந்த வருஷங்களில் நெடுங்காலம் தனிச் செல்லில் இருந்தார் என்பது குடும்பத்துக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை. இப்போது கலஹாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேன் ஓட்டுகிறார். மருமகளின் வீடியோ ஒன்றையும் விடமாட்டார். வீடியோவில் வந்து பேசச் சொல்லி அவள் போனில் கூப்பிட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"படத்தப் பத்தி மட்டுந்தான் பேசுவேன் பிள்ள. என்னயப் பத்திக் கேக்கக் கூடாது."

"சத்தியமா கேக்க மாட்டேன் மாமா" என்றாள் சிந்துஜா. பேச ஆரம்பித்தால் தானாக வந்துவிடும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

இரண்டு பஸ் மாறி, எண்ணெய் வைத்து வாரிய தலையோடும் புதுச் சட்டையோடும் வந்து இறங்கினார். படம் எப்படி என்று கேட்டாள். "நல்லாத்தான் எடுத்திருக்காங்க. அந்தச் சண்ட இருக்கே, சூப்பர்" என்றார். சிந்துஜாவுக்குச் சப்பென்று போய்விட்டது. "கொஞ்சம் இருங்க தம்பி, பிளேன்டீ ஊத்துறேன்" என்றாள் கலாராணி. வீட்டில் சீனி இல்லாதது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

சிந்துஜா மாமாவைப் போர்வைக்கு முன்னால் கதிரையில் உட்காரவைத்து, போனை ஸ்டாண்டில் பொருத்தி வீடியோவை ஓடவிட்டாள். "அம்மா, போடுங்க!" என்று வழக்கம்போலக் குரல் கொடுத்தாள். கொண்டி இரும்பில் உரசி விழுந்தது.

திருச்செல்வம் எழுந்தார். அக்கா கொடுத்த வீட்டுச் செருப்பைக் கழற்றி ஜோடியாக ஓரத்தில் வைத்தார். போர்வை தொங்கிய சுவரை நோக்கித் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். பதற்றம் எதுவும் இல்லை. நல்ல பழக்கமுள்ள வேலையைச் செய்பவரைப் போலச் செய்தார்.

சிந்துஜா அவரைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தாள். என்ன ஒரு ஃபிரேம் என்றுதான் முதலில் நினைத்தாள். இதைப் போட்டால் ஊரே பேசும் என்றும் நினைத்தாள். அப்புறந்தான் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"அம்மா! தொறங்க!" கதவைத் தட்டினாள். மடிக்கணினியிலிருந்து அழைத்தாள். ஹோலில் தையல் மெசின் மேலிருந்து அம்மாவின் போன் பாடியது.

"மாமா, அம்மா கடைக்குப் போயிட்டாங்க போல. இப்ப வந்துருவாங்க. நீங்க ஒக்காருங்க."

"சரிங்க" என்றார் அவர். உட்காரவில்லை.

பிறந்ததிலிருந்து அவளை அவர் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. சிந்துஜாவுக்கு அழுகை வந்தது. போனைப் பிடுங்கி நிறுத்தித் தலையணைக்கு அடியில் தள்ளினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரைத் தொடப் பயமாக இருந்தது.

சுவரைப் பார்த்தபடியே அவர் பேசினார்.

"சிந்து. அந்தப் படத்தச் சொல்லு."

"எதச் சொல்ல மாமா?"

"பேர் போடுறதுலேருந்து சொல்லு. உள்ளுக்கு நான் அப்புடித்தான். பார்த்த படத்தயெல்லாம் ஒண்ணொண்ணா ஓட்டுவேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். கடற்கரை, மீன் சந்தை, கதாநாயகி. "அடுத்து ஒரு மொக்கப் பாட்டு மாமா, அத விடுங்க."

"விடாத. பாட்டயும் சொல்லு."

விமர்சனம் செய்த படங்களில் ஒன்றைக்கூட இதுவரை யாருக்கும் கதையாகச் சொன்னதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கதாநாயகியின் சேலை என்ன நிறம் என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மஞ்சள். பின்னால் ஒரு படகு, அதில் ஒரு நாய். பாட்டை மெதுவாகப் பாடிக்கூடக் காட்டினாள். முதுகுக்குப் பின்னால் மணிக்கட்டைப் பற்றியிருந்த கையில் ஒரு விரல் மட்டும் தாளம் போட்டது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கைது வந்தது. வண்டி வந்தது. செல்லுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். அங்கே சிந்துஜா நிறுத்திக்கொண்டாள்.

கொண்டி விலகியது. கதவு தானாகவே விரியத் திறந்துகொண்டது. சீனிப் பையும் நனைந்த குடையுமாகக் கலாராணி நின்றாள். தம்பியைக் கண்டதும் "ஐயோ" என்று வாயைத் திறந்தவளை, சிந்துஜா கையைக் காட்டித் தடுத்தாள்.

பாலத்துப் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம் அறைக்குள் வந்தது. திருச்செல்வம் திரும்பவில்லை.

"ம்" என்றார். "உள்ளுக்குப் போட்டாங்க. அப்புறம்?"

சிந்துஜா போனை மூடிக் கிடந்த தலையணையைப் பார்த்தாள், பிறகு அவர் முதுகைப் பார்த்தாள். கலாராணியின் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர், வாசற்படி தாண்டி, ஜோடியாக வைத்திருந்த செருப்புகளை நோக்கி ஓடியது.