முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

அமலோற்பவம் ஈரத்துணியைப் பிழிந்து கணவரின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "கூரியர்!" என்று வாசலில் சத்தம் கேட்டது. துணி அவள் கையிலேயே நின்றது. கட்டிலில் கிடந்த இனிகோ கண்ணைத் திறக்கவில்லை. தொண்டைக்குழி மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது.

மகள் டெல்பின் இருந்திருந்தால் அவளே ஓடிப்போய் வாங்கியிருப்பாள். அவள் மருந்துக்கடைக்குக் கிளம்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அமலோற்பவம் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய், கூரியர்காரன் நீட்டிய போன் கண்ணாடியில் விரலால் கிறுக்கினாள். உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டைப்பெட்டி. ஏழு மாதமாக அது வழியில் எங்காவது தொலைந்துபோக வேண்டும் என்று பனிமய மாதாவிடம் மன்றாடியவள் அவள். அப்படி மன்றாடுவது பாவமோ என்று பயந்து பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னாள். புதிதாக வந்திருந்த சின்னச் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார்.

பெட்டிக்குள் இருப்பது ஒரு வெள்ளி ரூபாய். ஆறாம் ஜார்ஜ் ராஜா தலை போட்ட, முப்பத்தொன்பதாம் வருஷத்துக் காசு. அந்த வருஷத்து ரூபாய் வெளியே வந்தது மிகவும் கொஞ்சம். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்த இனிகோ, கல்யாண மோதிரம் வாங்கப் போன இடத்தில் அதைக் கண்டுபிடித்தார். உருக்குவதற்காக ஆசாரி ஒதுக்கி வைத்திருந்த பழைய கொலுசுகளுக்கு நடுவில் கறுத்துப்போய்க் கிடந்ததாம். நாற்பது வருஷமாக அந்தக் கதையை ஒரே மாதிரிச் சொல்வார். ஒரு தடவைகூட அவருக்கு அலுத்ததில்லை.

அமலோற்பவத்திடமும் அந்தக் காசைப் பற்றி ஒரு கதை இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமான வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வீட்டுப் பித்தளையையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தவள், தகரடப்பாவில் கறுத்துக் கிடந்த அந்த ரூபாயையும் எடுத்தாள். வெள்ளைப் பல்பொடியை ஈரத்துணியில் தொட்டு அரைமணி நேரம் தேய்த்தாள். ராஜாவின் மூக்கும் கிரீடமும் பளிச்சென்று எழுந்து வந்தன. அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் செய்தாள். அன்று சாயங்காலம் இனிகோ டப்பாவைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். "கடக்கர வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்து, குழம்பு நன்றாயிருக்கிறது என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லைட் மங்கல், கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

தான் செய்தது என்ன என்பது மூன்று வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. இனிகோவின் கூட்டாளி வெள்ளத்துரை கூடத்தில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த காசை லென்சு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த மடையன் தேச்சானோ! பூரா கீறலு. இனி நூறு வருஷம் கறுத்தாலும் இந்தக் கீறலு போவாது மாப்ள. செத்த காசு" என்றார். டீ டம்ளர்களோடு கதவோரம் நின்ற அமலோற்பவம் டீயைக் கொடுக்காமலே அடுக்களைக்குத் திரும்பினாள். துறைமுகத்து உப்புக்காற்று நாலைந்து வருஷத்தில் அந்த ரூபாயை மறுபடி கறுக்க வைத்துவிட்டது. தப்பித்தோம் என்று அவளால் ஒருநாளும் நினைக்க முடியவில்லை.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. நாணயச் சங்கத்தில் எல்லாரும் கிரேடிங், கிரேடிங் என்று பறக்க ஆரம்பித்தபோது இனிகோ மட்டும் அசையவில்லை. கம்பெனிக்கு அனுப்பினால் அவன் சோதித்துப் பார்த்து, ஒரு நம்பர் போட்டு, பிளாஸ்டிக் அட்டைக்குள் வைத்து ஒட்டித் தருவான்.

"நம்பர் இல்லாத காச இப்ப எவம்லே நம்புதான்?" என்பார் வெள்ளத்துரை.

"நாப்பது வருஷமா கையில புடிச்சுப் பாக்குத எனக்குத் தெரியாததா ஏசி ரூம்ல இருக்குதவனுக்குத் தெரிஞ்சிரப் போவுது? காசுக்கு எதுக்குலே ஜெயிலு?" என்பார் இனிகோ.

அந்தப் பிடிவாதத்துக்காக அமலோற்பவம் ஞாயிற்றுக்கிழமைதோறும் நன்றி சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, சங்கம் அவர்கள் வீட்டில் கூடியது. டெல்லியில் புதுப் பாராளுமன்றக் கட்டடம் திறந்ததற்கு வந்த எழுபத்தைந்து ரூபாய்க் காசை வெள்ளத்துரை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கை கையாகச் சுற்றி வந்தது. இனிகோ வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இது காசாலே? இதக் குடுத்து ஒரு டீ குடிக்க முடியுமா? டெல்லிக்காரன் அவனுக்கு அவனே குத்திக்கிட்ட மெடலு."

"நாட்டுக்குப் பெருமையான கட்டடம் மாப்ள. ஒனக்கு எதத் தொட்டாலும் கட்சிதான்."

"கட்சி பேசுதது நீ. மாசத்துக்கு ஒண்ணு அடிக்கான். எதுவும் கடைக்கு வாரதில்ல. காசு ஜனங்க கையில பொழங்கணும்லே."

"வெள்ளக்காரன் தல இருந்தாத்தான் ஒங்க ஆளுகளுக்கு இனிக்கும்" என்றார் வெள்ளத்துரை.

கூடத்தில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் அந்த 'ஒங்க ஆளுக' அதுவரை வந்ததில்லை. கிறிஸ்துமஸ் பலகாரம் முதலில் போகிற வீடு வெள்ளத்துரையின் வீடு. இனிகோ டீ டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார்.

வெள்ளத்துரை குடிக்காமல் எழுந்தார். வாசற்படியில் செருப்பை மாட்டும்போது, தோற்றுப்போனவன் கையில் அகப்பட்டதை எறிகிற மாதிரி, திரும்பி நின்று சொன்னார்: "ஒன் முப்பத்தொம்பதே டூப்புலே. வார்ப்படம். தைரியம் இருந்தா கிரேடிங்குக்கு அனுப்பிப் பாரு."

அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை. இனிகோவும் சங்கத்துக்குப் போகவில்லை. போன வருஷம் ஈரலில் சீக்கு என்று ஆனது. அப்பா சாவதற்குள் அந்தப் பேச்சைப் பொய்யாக்கிக் காட்ட வேண்டும் என்று டெல்பினுக்கு வைராக்கியம். இனிகோ மூன்று தடவை வேண்டாம் என்றார். மூன்றாம் தடவை கத்தியே சொன்னார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு நாளில் அவளாகவே காசை எடுத்து அனுப்பிவிட்டு வந்து சொன்னாள். இனிகோ சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது அமலோற்பவம் அடுக்களையில் நின்று கத்தியால் அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். தடித்த பிளாஸ்டிக்குக்குள் ரூபாய் இருந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு. பத்தாம் வகுப்பு வரை படித்த இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது. காசு அசல் என்று ஒரு வார்த்தை. தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது என்று இன்னொரு வார்த்தை. நம்பர் போட வேண்டிய இடத்தில் நம்பர் இல்லை.

"ஏளா அமலி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நேற்றிலிருந்து அவர் பேசியிருக்கவில்லை. "வந்துட்டா?"

அவள் போய்க் கட்டில் ஓரமாக நின்றாள். "வந்துட்டுங்க."

"வாசி."

சீட்டு அவள் கையில்தான் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அவர் சங்கத்தாரோடு பேசும்போது காதில் விழுந்த நல்ல நம்பர்களில் ஒன்று வாயில் வந்துவிட்டது.

"அறுவத்திமூணு."

இனிகோ கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மஞ்சள் பாய்ந்த கண். சந்தோஷப்படுவார், வெள்ளத்துரைக்குப் போன் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். வெளியே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் முடிந்தன.

"டெல்பின் பாத்தாளா?"

"இல்ல. கடைக்குப் போயிருக்கா."

"நல்லது. பீரோவுல வச்சுப் பூட்டு. யாருக்கும் காட்டாத." மூச்சு வாங்கினார். "வெள்ளத்துர வந்து கேட்டாலும் காட்டாத."

"சரிங்க."

"சாவிய நீயே வச்சுக்க" என்றார்.

அவள் பீரோவைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகப் போகும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அறுபத்திமூன்று வந்திருக்கிறது என்று நம்புகிற மனுஷன் ஊரைக் கூட்டியல்லவா காட்டச் சொல்வார்? அத்தனை வருஷம் கிரேடிங் வேண்டாம் என்று ஏன் பிடிவாதம் பிடித்தார்? அவள் சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். அந்தக் கிறிஸ்துமஸ் வாரத்துச் சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போன முதுகு கண்முன் வந்தது.

ஓடிப்போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். "இங்கேருங்க" என்றாள். இனிகோ வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டாள். மறுபடி கூப்பிட்டாள். எழுந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று காத்திருந்தாள். டெல்பின் வந்தாள். மாத்திரையைப் பொடித்து அவர் நாக்கில் வைத்துப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. மூன்று மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் அடக்கம். புன்னைக்காயலிலிருந்து சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து விடியற்காலையிலிருந்தே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில் வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டிக்குள் இனிகோ கோட்டு போட்டுக்கொண்டு கிடந்தார். தலைமாட்டில் அமலோற்பவம். சாவி இடுப்பில் உறுத்தியது.

பத்து மணிக்கு டெல்பின் வந்து குனிந்தாள். அழுதழுது குரல் கட்டியிருந்தது. "யம்மா, கூரியர் நேத்தே குடுத்தாச்சுன்னு போன்ல காட்டுது. நீதான் வாங்குனியா?"

"பெறவு பாக்கலாம்."

"என்னம்மா போட்டிருக்கு? சங்கத்துக்காரங்க கேக்காங்க."

"பெறவு பாக்கலாம்னு சொல்லுதேன்லா."

டெல்பின் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு எதையோ புரிந்துகொண்டவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். அவள் புரிந்துகொண்டது என்ன என்பது அமலோற்பவத்துக்குத் தெரிந்தது. எழுந்து போய்ச் சொல்ல முடியாது. உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. இந்தப் பக்கம் ஒரு மாமி தோளில் சாய்ந்திருந்தாள். அந்தப் பக்கம் ஒருத்தி கையைப் பிடித்திருந்தாள்.

பத்துப் பன்னிரண்டு பேர் மலர் வளையத்தோடு வந்து, வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பந்தலில் போய் நின்றார்கள். ஜெபமாலையில் ஒரு தேவரகசியம் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடைவெளியில் அவர்கள் பேச்சு உள்ளே வந்தது.

"டூப்புன்னு வந்திருக்கும். அதான் பொத்தி வைக்காவ."

"பாவம், நாப்பது வருஷம் ஏமாந்துட்டாரு மனுஷன்."

"நல்லவேள, தெரியாமயே போயிட்டாரு."

அமலோற்பவம் ஐஸ் பெட்டிக்குள் பார்த்தாள். அவர் உதடு இறுக மூடியிருந்தது. தாடைக்குக் கட்டிய துணியை அவிழ்த்த பிறகும் அது அப்படியேதான் இருந்தது.

பிடித்திருந்தவளின் கையை விலக்கிவிட்டு எழுந்தாள். எங்கே என்று யாரோ கேட்டார்கள். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் அட்டையை எடுத்தாள். பந்தலுக்கு வந்தாள். பேச்சு நின்றது. கேட்டுக்கு அந்தப் பக்கம், தெருவிலேயே, தோளில் துண்டோடு வெள்ளத்துரை நின்றிருந்தார். உள்ளே வரலாமா என்று தெரியாமல் காலையிலிருந்து அங்கேயே நிற்கிறார் என்று முகம் சொன்னது.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"தங்கச்சி, நான்..."

"உள்ள வந்து இத வாசிங்க. எல்லாருக்கும் கேக்கும்படியா வாசிங்க."

அவர் வந்தார். சட்டைப்பையைத் தடவிக் கண்ணாடியைத் தேடி மாட்டினார். விளிம்பை மட்டும் பிடித்து அட்டையை வாங்கினார். முதல் வரியைப் படித்தார்.

"ஒரிஜினல்" என்றார் பந்தலைப் பார்த்து. "ஒரிஜினல்னு போட்டிருக்கான். நாந்தான் தப்பாச் சொன்னேன்." அவர் கண் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டதை அவள் கண்டாள். அட்டையைச் சட்டென்று கவிழ்த்துக்கொண்டார். "அவ்வளவுதான் தங்கச்சி. போங்க. போய் உக்காருங்க."

"மிச்சத்தையும் வாசிங்க."

"எதுக்கு? வேண்டாம்."

"வாசிங்க அண்ணாச்சி."

அவர் வாசிக்கவில்லை. டெல்பின் கதவடியில் வந்து நின்றாள்.

"தேச்ச காசுன்னு போட்டிருக்கு" என்றாள் அமலோற்பவம். "நாந்தான் தேச்சேன். கல்யாணமான வருஷம். பல்பொடி போட்டு. அவியளுக்கு அன்னைக்கே தெரியும். ஒரு வார்த்த கேட்டதில்ல. யாருக்கும் காட்டாதன்னு நேத்துச் சொல்லிட்டுத்தான் போனாவ."

சங்கத்துக்காரர்களில் ஒருவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோயில் மணி பதினொன்று அடித்தது. நாலு மணி அடக்கப் பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. டெல்பின் வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மறுபடி அதே இடத்தில், இரண்டு பெண்களுக்கு நடுவில், உட்கார வைத்தாள்.

வெள்ளத்துரை பின்னாலேயே வந்தார். அட்டையை அவள் மடியில் வைத்தார். ஐஸ் பெட்டியின் கண்ணாடி முழுக்கப் புழுக்கத்தில் வேர்த்து, உள்ளே இருந்த முகம் வெறும் நிழலாகத் தெரிந்தது. வயதான முழங்காலைக் கையால் அமுக்கி மெல்லத் தரையில் உட்கார்ந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து, முகத்துக்கு நேரே ஒரு வட்டமாகத் துடைத்தார். இனிகோ தெரிந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி வேர்த்தது. அவர் துண்டை உதறி மடித்துக்கொண்டு மறுபடி துடைத்தார்.